இரண்டறை வீட்டில் இல்லறம்

(நாகபுரி ரயில்வே குடியிருப்பில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசும் அறிஞர்களைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயற்குழுவினர் என்னை அழைத்து, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் பொருள் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் புலவனல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். இலக்கியம் பேச இயலாதவன் கணக்குப் பேசலாம் அல்லவா? நாம் அனைவரும் வாழும் இரண்டறை வீட்டின் கணக்கையே இன்று பேச விரும்புகிறேன்.

சரக்கு நிலையத்தில் 'வார்ஃபேஜ்' என்றொரு கட்டணம் உண்டு என்பதை இங்குள்ளோர் பலரும் அறிவீர்கள். வந்திறங்கிய சரக்கைக் குறித்த நேரத்துக்குள் உரியவர் எடுத்துச் செல்லாவிட்டால், அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்திற்காக அவர் பணம் கட்ட வேண்டும். சரக்கு இரும்பாயினும் பஞ்சாயினும் விதி ஒன்றே. இடம் என்பது இலவசமன்று என்பதே அவ்விதியின் பொருள்.

நம் வீட்டிலும் இக்கட்டணம் உண்டு. ரசீது வருவதில்லை, அவ்வளவுதான். கடையில் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலை ஒருமுறை கொடுப்பது. அது வீட்டில் அடைக்கும் இடத்திற்கு நாள்தோறும் யாரோ ஒருவர் கட்டணம் செலுத்திக்கொண்டே இருக்கிறார். அந்த ஒருவர் யார் என்று பார்ப்போம்.

நால்வர் வாழும் வீட்டில் ஓர் அறை பெற்றோரின் கட்டிலுக்கும் பெட்டிகளுக்கும் போய்விடுகிறது. எஞ்சியது முன்னறை. அது 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 120 சதுர அடி. மூவர் அமரும் சோபா 21 சதுர அடி. அதனோடு வரும் ஒற்றை இருக்கைகள் இரண்டும் 18. நடுவில் வைக்கும் மேசை 6. தொலைக்காட்சிப் பலகை 6. குளிர்ப்பெட்டிக்கும் அதன் கதவு திறப்பதற்கும் 8. இரும்பு அலமாரிக்கும் அதன் முன் நிற்பதற்கும் 9. ஆக 68. மீதி 52. வாயிலிலிருந்து அடுக்களைக்குச் செல்ல 3 அடி அகலத்தில் நடைவழி விட்டால் அதற்கு 36. எஞ்சியது 16 சதுர அடி. ஒருவர் படுக்கும் பாய்க்கு வேண்டியது 6 அடிக்கு 3 அடி, அதாவது 18.

ஊரிலிருந்து வயதான தாயார் வந்தால் ஒரு பாய் விரிக்க அந்த அறையில் இடமில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகத்தை விரித்து வைக்கவும் இடமில்லை. அவள் கட்டிலின் மேல் முதுகை வளைத்து அமர்ந்து எழுதுகிறாள். விருந்தினர் வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போகிறாள். சோபாவுக்கான வார்ஃபேஜை அந்தப் பெண்ணும் அந்த மூதாட்டியுமே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மாற்று என்ன? சோபா, இருக்கைகள், நடுமேசை ஆகிய மூன்றும் சேர்ந்து 45 சதுர அடியை அடைக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக 6 அடிக்கு இரண்டரை அடியில், உள்ளே பெட்டி வைத்த திவான் ஒன்று வாங்கினால் அது 15 சதுர அடி. பகலில் மூவர் அமரலாம், இரவில் ஒருவர் படுக்கலாம், உள்ளே கம்பளிகளையும் விருந்தினர் படுக்கையையும் வைக்கலாம். மிச்சமாவது 30 சதுர அடி. படிப்பு மேசை 8, நாற்காலி 4, பாய் 18. கூட்டினால் சரியாக 30. மகளுக்கும் பாட்டிக்கும் இடம் கிடைத்துவிட்டது. செலவும் குறைந்தது.

இது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. நம் முன்னோர் வீடுகளில் கட்டிலே அரிது. பாயை விரித்தால் பள்ளியறை, சுருட்டினால் கூடம், இலையைப் போட்டால் உணவறை. பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் ஒரே அறையை மூன்று அறையாக்கிய சாதனங்கள். ஒன்றனுள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரங்களும், ஏழு டப்பாக்களின் வேலையை ஒரு டப்பாவில் முடிக்கும் அஞ்சறைப் பெட்டியும் நம்முடையவையே. சிறிய வீட்டில் வாழும் கலையை நாம் கற்க வேண்டியதில்லை, மறவாதிருந்தால் போதும்.

ஆகவே, ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எவ்வளவு இடம் கேட்கும்? நாள்தோறும் எவ்வளவு வேலை செய்யும்? மாற்றல் உத்தரவு வந்தால் உடன் வருமா? மூன்றாவது கேள்வி நமக்கே உரியது. நாம் வாழும் வீடு நமக்குச் சொந்தமன்று. மாற்றலானாலோ ஓய்வு பெற்றாலோ சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். சுவரில் பொருத்தி, இந்த அடுக்களையின் அளவுக்கே அறுத்துச் செய்த மர அலமாரி அடுத்த வீட்டில் பொருந்தாது. கழற்றி மாட்டக்கூடிய இரும்பு அடுக்குச் சட்டம் எந்த ஊர் சென்றாலும் பயன்படும்.

இனி ஒவ்வொன்றாகச் சில குறிப்புகள்.

முதலில் இவ்வூர் வெயில். மே மாதத்தில் 45 பாகையைத் தாண்டும் நாகபுரியில் கூலர் ஆடம்பரமன்று. நம் ஊர்க் கடற்கரைப் பட்டினங்களில் வேலை செய்யாத இக்கருவி இங்கே ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? இங்குக் கோடைக்காற்று வறண்டது. வறண்ட காற்று ஈரத்தட்டியின் வழியே நுழையும்போது நீர் ஆவியாகிக் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே கூலரை அறைக்குள் வைப்பது இருவகையில் நட்டம்: இடமும் போகும், அறைக்குள் உள்ள ஈரக்காற்றையே மீண்டும் இழுப்பதால் குளிர்ச்சியும் போகும். சன்னலுக்கு வெளியே சட்டம் அமைத்து அதன்மேல் வைத்து, எதிர்ப்புறச் சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். மழைக்காலம் தொடங்கியபின் கூலர் புழுக்கத்தையே கூட்டும். அப்போது மின்விசிறி போதும்.

கூலரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் செல்லக் கூடாது. தகர உடல் கூலரில் மின்சாரம் கசிந்தால், ஈரக்கையோடு தொடுபவர் உயிர் பிழைப்பது அரிது. மூன்று முனைச் செருகியும் ஒழுங்கான எர்த் இணைப்பும் இல்லாத கூலரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீர் ஊற்றுமுன் சுவிட்சை அணைத்துச் செருகியைப் பிடுங்கும் வழக்கத்தைக் குழந்தைகளுக்கும் கற்பியுங்கள். கசிவைக் கண்டு தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தச் செய்வது மிக நல்லது. இரண்டாவது, டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் முழுக் கொசுவாகி விடுகிறது. ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியை முற்றும் காலி செய்து தேய்த்து உலர்த்த வேண்டும். நீரை நிரப்பிக்கொண்டே இருப்பது போதாது; முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும்.

அடுத்து மின்விசிறி. பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் உண்ணும். 'பி.எல்.டி.சி.' எனப்படும் புதுவகை 30 வாட்டளவில் அதே காற்றைத் தரும். நாள் ஒன்றுக்கு 16 மணி வீதம், ஆண்டில் ஒன்பது மாதம் ஓடினால், ஒரு விசிறியில் மட்டும் மிச்சமாவது ஏறத்தாழ 194 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 1,550 ரூபாய். அதிக விலைக்குக் கொடுத்த பணம் விரைவிலேயே திரும்பிவிடும். இதை வாங்கினால் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை நீக்கிவிட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கூரை மின்விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை 2023 சனவரி முதல் கட்டாயமாகியுள்ளது. அம்முத்திரையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் ஆண்டையும் பாருங்கள்.

குளிர்ப்பெட்டியின் முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு பெட்டிகளில் ஒன்று 220, மற்றொன்று 160 என்றிருந்தால், வேறுபாடு 60 யூனிட். எட்டு ரூபாய் வீதம் ஆண்டுக்கு 480. பத்தாண்டுக்கு 4,800 ரூபாய். கடைவிலையின் வேறுபாடு இதற்குக் குறைவானால் இரண்டாவதே மலிவு. நால்வர் வீட்டுக்கு 190 லிட்டர் அளவே பெரும்பாலும் போதும். நாள்தோறும் காய்கறி கிடைக்கும் ஊரில் வாரக்கணக்கில் குளிர வைப்பதற்குப் பெரிய பெட்டி எதற்கு?

அடுக்களைக்கு வருவோம். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். இருந்தும் முத்திரையில்லாதவை மலிவு விலையில் கைக்கு வருகின்றன; வாங்க வேண்டா. எரிவாயு உருளை வந்ததும் அதன் கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருப்பதைக் காண்பீர்கள். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். 'சி-27' என்றிருந்தால், அவ்வுருளையை 2027 செப்டம்பருக்குள் மறுசோதனை செய்ய வேண்டும். காலம் கடந்த உருளையைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. வெற்று உருளையின் எடை அதன்மேலேயே எழுதியிருக்கும், அதனோடு 14.2 கிலோவைக் கூட்டி நிறுத்துப் பாருங்கள். அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரத்தில் இருக்கட்டும்.

மாவரைக்கும் இயந்திரம் தமிழ்க் குடும்பத்தின் தனிச் சொத்து. கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆனால் நால்வர் வீட்டுக்கு மேசைமேல் வைக்கும் 2 லிட்டர் போதும். ஊரிலிருந்து பெரிய சாய்ப்புக் கிரைண்டரைச் சுமந்து வருபவர் ஓர் ஆளை அடுக்களையிலிருந்து வெளியேற்றுகிறார் என்றே பொருள். இட்லிக்குரிய புழுங்கலரிசி இங்கே கிடைக்காது என்று எண்ண வேண்டா. 'உஸ்னா' என்று கேட்டால் இதவாரியின் மொத்தக் கடைகளில் கிடைக்கும்.

மளிகை வாங்குவதில் இவ்வூரார் வழக்கம் வேறு. கோடையில் புதுக் கோதுமை வந்ததும் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி நிரப்புவர். குதிரும் தனி அறையும் உள்ளவர்க்கு அது தகும். நமக்குக் கோடையில் இரண்டு மாதச் சரக்கும், வண்டு பிடிக்கும் மழைக்காலத்தில் ஒரு மாதச் சரக்குமே அளவு. மழைக்கு முன் பருப்பை வெயிலில் காயவைத்து, ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் இடுங்கள். ரவையை வறுத்து வையுங்கள். பண்டகசாலை விதிப்படி முதலில் வந்தது முதலில் வெளியேறட்டும். பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டுபவர், வண்டுக்கு வாடகையில்லாத வீடு கொடுக்கிறார்.

ஊரிலிருந்து புதிதாக வந்துள்ள சகோதரிகளுக்கு ஒரு சொல். 1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. ஆயினும் பழைய சேரின் காற்பங்காகிய 'பாவ்' இங்கே 250 கிராமாக இன்றும் கடைவீதியில் வாழ்கிறது. 'ஸவா' என்றால் ஒன்றேகால். 'டேட்' என்றால் ஒன்றரை. 'டாயீ' என்றால் இரண்டரை. 'பௌனே தோ ஸௌ' என்று கடைக்காரர் சொன்னால், தோ ஸௌ என்பது மட்டும் காதில் விழுந்து 200 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் கேட்டது 175.

தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுப்பது முறையன்று, கேட்பதில் வெட்கமில்லை. பொட்டலங்களில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு விலை என்ன என்றும் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. பெரிய பொட்டலமே மலிவு என்ற நம்பிக்கையை அந்தச் சிறு எழுத்து பலமுறை பொய்யாக்கும். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கேட்டாலோ, பழுதான பொருளை மாற்ற மறுத்தாலோ, 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2020 சூலை 20 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. ஆனால் ரசீது இல்லாதவருக்குச் சட்டமும் அதிகம் உதவ இயலாது. 'ரசீது வேண்டாவிட்டால் விலை குறைப்பேன்' என்னும் கடைக்காரர், உங்கள் உரிமையையே அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறார்.

இறுதியாகத் தவணை. நம் குடியிருப்பில் பல வீடுகளின் உறக்கத்தைக் கெடுப்பது இதுவே. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்காதீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று உண்மையில் ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஒரு பொருளை ரொக்கம் கொடுத்தால் 22,000 ரூபாய்க்கும், மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணையில் 24,000 ரூபாய்க்கும் தருவதாகக் கொள்வோம். வேறுபாடு 2,000; ஒன்பது விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? குறையும் கடனுக்கு முறையாகக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. ஆகவே கடைக்காரரிடம் 'தவணை எவ்வளவு' என்று கேட்குமுன் 'ரொக்கத்துக்கு எவ்வளவு' என்று கேளுங்கள். அதே 2,000 ரூபாயைப் பதினொரு மாதம் சேமித்துப் பிறகு வாங்கினால், பொருளும் வரும், மேலும் 2,000 ரூபாயும் மிஞ்சும். பதினொரு மாதம் காத்திருந்தபின் அப்பொருள் தேவையில்லை என்று தோன்றினாலோ, 22,000 ரூபாயும் அது அடைக்கவிருந்த இடமும் நம்முடையவை.

விருந்தினர்க்காகத்தானே சோபாவும் கூடுதல் கட்டிலும் பெரிய அண்டாவும் வாங்குகிறோம் என்று சிலர் கேட்கலாம். விருந்தோம்பல் தமிழர் பண்பு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆண்டில் மூன்று நாள் பயன்படும் பொருள் மற்ற 362 நாளும் நம் பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இதற்கு ஒரு வழியை இவ்வவையின் முன் வைக்கிறேன். மடக்குக் கட்டில் நான்கு, மடக்கு நாற்காலி இருபது, ஜமக்காளம் ஆறு, அண்டாக்களும் கரண்டிகளும், ஒரு பெரிய கிரைண்டர் ஆகியவற்றை நம் சங்கமே வாங்கி வைக்கட்டும். சீமந்தமோ பிறந்தநாளோ, ஊரிலிருந்து உறவினர் வருகையோ, வேண்டும் குடும்பம் ஏட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரட்டும். அவ்வாறே மாற்றலாகிச் செல்பவர் விட்டுச் செல்லும் கூலர், மேசை, இரும்புச் சட்டம் முதலியவற்றை, புதிதாக வருபவர் நியாய விலைக்குப் பெறுமாறு சங்க அறிவிப்புப் பலகையில் ஒரு மூலை ஒதுக்குவோம். மாற்றல் நாளில் பழைய பொருள் வாங்குவோரிடம் அள்ளிக் கொடுத்துவிட்டுச் சென்றவர்களையும், அடுத்த வாரமே அதே பொருளைப் புதிதாக முழுவிலைக்கு வாங்கியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். நடுவில் ஒரு பலகை இருந்திருந்தால் இருவருக்கும் நன்மை விளைந்திருக்கும். சங்க அறையின் ஒரு சுவரை இதற்கு ஒதுக்கினால், நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பாய் விரிக்கும் இடம் கூடும்.

ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் வந்து நாம் உழைப்பது பிள்ளைகள் தலையெடுக்க வேண்டும் என்பதற்காகவே. அவர்களுக்கு நாம் தரக்கூடிய முதற்சொத்து, விளக்கின் கீழ் ஒரு மேசையும், யாரும் எழுப்பாத ஒரு நாற்காலியும் ஆகும். கடைவீதியில் எதை வாங்கினாலும் அந்த மேசையின் இடத்தை விலையாகக் கொடுக்காதிருப்போமாக.